ஒட்டுறதெண்டா கறுப்பு பைப்பை ஒட்டுங்க

கல்முனையில் இருந்து அக்கரைப்பற்று வரைக்கும் கடல் பக்கத்து ஒழுங்கைகளுக்குள்ள ஒருக்கா மெதுவாப் போய்ப் பாருங்க. கேட், யன்னல் கிறில், மாடிப்படிக் கைபிடி, மோட்டார் சைக்கிள் விடுற கொட்டில். எதில் துரு பிடிச்சிருக்கு எண்டு தேட வேண்டியதில்லை, எல்லாத்திலயும் பிடிச்சிருக்கும். துரு எந்த இடத்துல தொடங்கியிருக்கு எண்டு மட்டும் கவனியுங்க. அநேகமாக ஒட்டுப் போட்ட மூலையில்தான் தொடங்கியிருக்கும். பைப்பின் நடுப்பகுதி இன்னும் வெள்ளி மாதிரி மினுங்கும், மூட்டு மட்டும் செங்கல் நிறத்தில் பொரிந்து கிடக்கும்.

அந்த கேட்டைச் செய்வித்த வீட்டுக்காரரிடம் கேட்டால், "ஜீஐ பைப்தான் போட்டோம், துருப்பிடிக்காது எண்டுதானே கூடக் காசு குடுத்தோம்" என்பார். இந்தக் கட்டுரை அந்தக் கூடக் குடுத்த காசைப் பற்றியது. அந்தப் பைப்பை ஒட்டினவனைப் பற்றியதும்தான்.

நான் சொல்ல வருவது சின்ன விசயம். வெட்டி ஒட்டுகிற வேலைக்கு ஜீஐ பைப் வாங்காதீங்க. கறுப்பு பைப் வாங்குங்க. கேஸ் பைப் எண்டும் சிலர் சொல்லுற, பூச்சு இல்லாத அந்த இரும்புக் குழாய்தான். மிச்சம் பிடிக்கிற காசைப் பெயின்டுக்கும், ஒட்டுகிறவனின் முகக்கவசத்துக்கும் குடுங்க. கடற்கரையில் இருந்துகொண்டு இப்படிச் சொல்வது கிறுக்குத்தனமாகத் தெரியலாம். கணக்கைப் பார்த்துவிட்டு முடிவெடுங்க.

நாகம் எங்க போகுது?

ஜீஐ எண்டால் இரும்புக்கு மேலே நாகம், அதாவது சிங்க், பூசின பைப். நாகம் இரும்பைக் காப்பாற்றும் என்பது உண்மைதான். பூச்சில் ஒரு கீறல் விழுந்தால்கூடப் பக்கத்தில் இருக்கிற நாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். தண்ணீர்ப் பைப்புக்கு அது நல்ல ஏற்பாடு, ஏனெண்டால் தண்ணீர்ப் பைப்பை யாரும் ஒட்டுவதில்லை. மரை வெட்டி முடுக்குகிறோம்.

ஒட்டும்போது கதை வேற. நாகம் உருகுவது சுமார் 420 பாகை செல்சியஸில். கொதித்து ஆவியாவது 907 பாகையில். இரும்பு உருக 1500 பாகைக்குக் கிட்ட வேண்டும். அப்படியெண்டால் இரும்பு உருகி ஒட்டுப்பட முன்னமே அந்த இடத்து நாகம் முழுக்கப் புகையாகப் போய்விடும். ஒட்டுக்கு இரண்டு பக்கமும் விரல் அகலத்துக்குப் பூச்சு எரிந்து, பச்சை இரும்பு வெளியே நிற்கும். கீறல் அளவு இடத்தைக் காப்பாற்றுகிற நாகத்தால் இந்த அகலத்தைக் காப்பாற்ற முடியாது. மூட்டில்தான் கசடு, மேடுபள்ளம், தண்ணீர் தங்குகிற இடுக்கு எல்லாம் இருக்கும். வாடைக் காத்து கொண்டுவருகிற உப்பு போய் உட்காருவதும் அங்கதான். ஆக, கேட்டுக்கு மிகவும் தேவையான இடத்தில் நீங்கள் காசு குடுத்து வாங்கின பாதுகாப்பு இல்லை.

"கிரைண்டர் போட்டுப் பூச்சை எடுத்துட்டு ஒட்டலாமே" எண்டு கேட்கலாம். வெளிப்பக்கம் எடுக்கலாம். முக்கிப் பூசின ஜீஐ பைப்பின் உள்பக்கமும் நாகம்தான். அங்க கிரைண்டர் போகாது. உள்ளே இருக்கிறது எரிந்து பைப்பின் வாய் வழியாகப் புகை வரும். ஒட்டுகிறவன் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பதும் அந்த வாய்க்குப் பக்கத்தில்தான்.

சனிக்கிழமைக் காய்ச்சல்

ஜீஐ ஒட்டும்போது எழும்புகிற வெள்ளைப் புகையும், பக்கத்தில் பறந்து படிகிற வெள்ளைப் பஞ்சு மாதிரியான தூளும் நாக ஒக்சைட். அதை மூச்சில் இழுத்தால் உடனே ஒன்றும் தெரியாது. நாலு மணித்தியாலம் தொடக்கம் பத்து மணித்தியாலம் வரை போன பிறகுதான் ஆள் விழுவான். லுஹருக்கு முந்தி ஒட்டினவனுக்கு மஃரிபுக்குப் பிறகு குளிர் நடுக்கம், காய்ச்சல், உடம்பு உளைவு, வாயில் செம்பு நாணயம் வைத்த மாதிரி ஒரு சுவை, தீராத தாகம். ஒரு நாளில், கூடிப்போனால் இரண்டு நாளில் தானாகக் குறைந்துவிடும். இதற்கு உலோகப் புகைக் காய்ச்சல் எண்டு பேர். டெங்குக் காலத்தில் இப்படி ஒரு காய்ச்சல் வந்தால் வீட்டில் எல்லாரும் வேறெதையோ நினைத்துப் பயப்படுவார்கள். டொக்டரிடம் போனால் "இண்டைக்கு ஜீஐ ஒட்டினேன்" எண்டு சொல்லுங்க. அதைச் சொல்லாவிட்டால் அவருக்குத் தெரிய வழியில்லை. அதே நேரம் காய்ச்சல் எதனால் எண்டு நீங்களே தீர்ப்புச் சொல்லிவிட்டு வீட்டில் படுக்கவும் கூடாது.

இதில் ஒரு வினோதம் இருக்கு. தினமும் அந்தப் புகையில் நிற்கிறவனுக்கு உடம்பு தற்காலிகமாகப் பழகிப்போகும். ஒரு நாள், இரண்டு நாள் லீவு எடுத்துவிட்டுத் திரும்பி வந்தால் பழக்கம் போய்விடும், காய்ச்சல் பலமாக அடிக்கும். மேற்கு நாட்டுத் தொழிற்சாலைகளில் இதைத் திங்கட்கிழமைக் காய்ச்சல் எண்டு சொல்வார்கள், ஞாயிறு லீவு என்பதால். வெள்ளிக்கிழமை கடை பூட்டுகிற எங்கட ஊர்ல அது சனிக்கிழமைக் காய்ச்சலாகத்தான் வரவேணும். "பழகிட்டு, எனக்கு ஒண்டும் செய்யாது" எண்டு சொல்லுகிற பாஸ்மாரின் பழக்கம் இவ்வளவுதான்.

"பால் குடிச்சா சரி" எண்டு ஒரு வைத்தியமும் உண்டு. உலகம் முழுக்க வெல்டிங் ஆக்கள் இதை நம்புகிறார்கள். பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நெஞ்சுக்குப் போகிறது. இரண்டும் சந்திப்பதில்லை. பாலைக் குடியுங்க, நல்லதுதான். மாஸ்க்கையும் போடுங்க.

கடல் காத்துக்குக் கறுப்பு தாங்குமா?

இதுதான் நியாயமான கேள்வி. பதிலுக்கு ஒரு அளவுகோலை எடுப்போம். காற்று மண்டலம் உலோகத்தை எவ்வளவு வேகமாகத் தின்னும் எண்டு வகைப்படுத்துகிற ஐஎஸ்ஓ 9223 எண்ட சர்வதேசத் தரம் ஒன்று இருக்கிறது. அதில் உப்புக் காற்று பலமாக அடிக்கிற கரையோரம் சி5 வகை. அந்த வகையில் வெறும் இரும்பு முதல் வருடத்தில் 80 தொடக்கம் 200 மைக்ரோன் வரை கரையும். நாகம் 4 தொடக்கம் 8 மைக்ரோன் சொச்சம். ஒரு மில்லிமீற்றர் 1000 மைக்ரோன்.

நாகம்தான் வெல்லுது எண்டு தோணும். ஆனால் பூச்சின் தடிப்பைப் பாருங்க. கடையில் கேட்டுக்கும் கிறிலுக்கும் எண்டு விற்கிற மெல்லிய ஜீஐ ரியூப், பொக்ஸ் பார் எல்லாம் அநேகம் முன்கூட்டியே பூசின தகட்டை வளைத்துச் செய்தவை. அந்தத் தகட்டில் ஒரு பக்கத்துப் பூச்சு 20 மைக்ரோன் அளவில்தான் இருக்கும், அதை விடக் குறைந்ததும் வருகிறது. சி5 காற்றில் அது மூன்று தொடக்கம் ஐந்து வருடத்துக்குள் முடிந்துவிடும். அதற்குக் கீழே இருக்கிற தகடு 1.2 மில்லிமீற்றர் எண்டு வைத்துக்கொள்ளுங்க. ஓட்டை விழ நீண்ட காலம் எடுக்காது.

கேஸ் பைப் தரத்தில் வருகிற கறுப்பு பைப் வேற சாதி. நடுத்தர வகை எடுத்தால் அரை இஞ்சிப் பைப்பின் சுவர்த் தடிப்பு 2.6 மில்லிமீற்றர். ஒரு இஞ்சிப் பைப்புக்கு 3.2. ஒரு சொட்டுப் பெயின்ட் அடிக்காமல் கடற்கரையில் நிறுத்தினாலும், ஆகக்கூடின வேகத்தில் கணக்குப் போட்டால் 3.2 மில்லிமீற்றர் கரைய 16 வருடம். துரு இப்படி ஒழுங்காக, எல்லா இடமும் ஒரே அளவாகத் தின்னாது, ஒரு இடத்தைப் பிடித்துக் குழி தோண்டும் என்பது உண்மை. ஆனாலும் எதை நம்பி வாங்க வேணும் எண்டு இந்தக் கணக்கு காட்டும். மேலே இருக்கிற மினுக்கத்தை விட உள்ளே இருக்கிற தடிப்புத்தான் எங்கட கரைக்கு முக்கியம். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் புதுசாகக் கட்டின வீடுகளின் இரும்பு வேலைக்கு இப்ப இருபது வயது. எது நிற்குது, எது பொடியாகிப் போச்சு எண்டு அந்த வீடுகளே சொல்லும்.

கடையில் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. "ஒரு இஞ்சி" எண்டு சொல்வது பெயரளவுதான், வெளி விட்டம் 33.7 மில்லிமீற்றர் வரும். அரை இஞ்சி எண்டால் வெளியே 21.3. அதனால வரைபடம் கீறுகிறபோது வெளி விட்டத்தை வைத்துக் கீறுங்க. கறுப்பாக இருக்கிறதெல்லாம் கேஸ் பைப் தரம் இல்லை. மெல்லிய கறுப்பு ரியூபும் அதே கடையில்தான் கிடக்கும். நுனியில் சுவரை அளந்து பார்த்து வாங்குங்க, வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்தப் பைப்புக்கு ஒரு பழைய வரலாறும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் கேஸ் விளக்கு வந்தபோது, கேஸ் கொண்டுபோகக் குழாய் போதவில்லை. யுத்தத்தில் மிஞ்சின துப்பாக்கிக் குழல்களை ஒன்றோடொன்று பொருத்தி அதற்குள்ளால கேஸ் விட்டார்கள். 1825இல் கொர்னேலியஸ் வைட்ஹவுஸ் எண்டவர் தகட்டைச் சூடாக்கி இழுத்தே குழாயாக ஒட்டுகிற முறைக்குக் காப்புரிமை எடுத்த பிறகுதான் கேஸ் பைப் மலிவானது. யுத்தம் பார்த்த எங்கட ஊருக்கு இந்தக் கதை பிடிக்கும். குழல் அதேதான், அதுக்குள்ளால எதை விடுகிறோம் என்பதுதான் வித்தியாசம்.

பெயின்டில்தான் வேலை

கறுப்பு பைப்பைக் கடையில் இருந்து கொண்டுவந்து அப்படியே ஒட்டி, அப்படியே பெயின்ட் அடித்தால் நான் சொன்னதெல்லாம் பிழைச்சுப் போகும். அந்தக் கறுப்பு, பெயின்ட் இல்லை. சூட்டில் உருட்டும்போது வந்த ஒக்சைட் தோலும், மேலே மெல்லிசாகத் தடவின எண்ணெயோ வார்னிஷோதான் அது. அதுக்கு மேலே பூசுகிறதெல்லாம் தோலோடு சேர்ந்து உரிந்து வரும். வயர் பிரஷ் அல்லது கிரைண்டர் போட்டு இரும்பு தெரிய எடுக்க வேணும். ஒட்டின இடத்துக் கசடைக் கொத்தி எடுக்க வேணும். பிறகு நல்ல தண்ணீரால் கழுவித் துடைக்க வேணும். இதை யாரும் செய்வதில்லை, ஆனால் கடற்கரையில் இதுதான் முக்கியமான வேலை. கண்ணுக்குத் தெரியாத உப்புக்கு மேலே பெயின்ட் அடித்தால் அந்த உப்பு ஈரத்தை இழுத்து, பெயின்டுக்குக் கீழேயே கொப்புளம் போடும்.

காய்ந்த அன்றைக்கே அன்டி கொரோசிவ் இரண்டு கை. முதலில் ஒட்டுகளுக்கும் விளிம்புகளுக்கும் பிரஷால் தனியாகப் பூசிவிட்டு, அதுக்குப் பிறகு முழுக்க. மேல் பெயின்ட் இரண்டு கை. பைப்பின் திறந்த வாய்களை மூடுங்க. கச்சான் காத்து அடிக்கிற வறண்ட மாதங்களில், தூசு எழும்ப முன்னம் காலையிலயே அடிச்சு முடிங்க. ஐப்பசி மழை தொடங்கிய பிறகு பெயின்ட் அடிப்பது காசைக் கரைக்கிற வேலை. வருடத்துக்கு ஒருக்கா ஒட்டுகளைப் பார்த்துத் தேவையான இடத்தில் தொட்டுவிடுங்க. ஒரே தடிப்பில் எடுத்தால் கறுப்பு பைப் ஜீஐயை விட மலிவு. அந்த வித்தியாசத்தில்தான் இதெல்லாம் வரவேணும். மிச்சக் காசைச் சட்டைப் பைக்குள்ள போட்டுவிட்டுப் பிறகு என்னைத் திட்டாதீங்க.

ஜீஐயே வேணும் எண்டு நிற்கிறவர்களுக்கும் வழி உண்டு. ஒட்டாதீங்க, முடுக்குங்க. தண்ணீர்ப் பைப்புக்கு விற்கிற எல்போ, டீ, பிளான்ஜ் வாங்கி மரை வெட்டிப் பொருத்தினால் உடுப்புக் கொடி, புத்தக ராக்கை, மேசைக் கால் எல்லாம் செய்யலாம். நாகமும் எரியாது, மூச்சும் எரியாது.

கேட் உங்கட, புகை அவன்ட

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. ஜீஐ போடு எண்டு கேட்பது வீட்டுக்காரர். புகையைக் குடிப்பது வெல்டிங் கடையில் நிற்கிற பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பொடியன். சாதாரண தரம் எழுதிவிட்டு ரிசல்ட் வரும்வரைக்கும் எண்டு போனவன், அப்படியே நின்றுவிட்டவன். கண்ணில் ஒரு கூலிங் கிளாஸ், முகத்தில் கட்டின துவாய். டெக் போடும்போது கண்ணை மூடிக்கொண்டு போடுவான், அதைக் கெட்டித்தனம் எண்டு எல்லாரும் சொல்வோம். ராவைக்கு "கண்ணுக்குள்ள மணல் போட்ட மாதிரி இரிக்கி உம்மா" எண்டு புரளுவான். அது கண்ணின் மேல்தோல் ஊதாக் கடந்த கதிரில் எரிந்த நோவு. கூலிங் கிளாஸ் அதுக்குப் போதாது. இந்த மாதிரி வேலைக்கு 10ஆம், 11ஆம் இலக்கக் கண்ணாடி போட்ட முகமூடி வேணும்.

கறுப்பு பைப்பை ஒட்டினால் ஆபத்தே இல்லை எண்டு நான் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2017இல் எல்லா வெல்டிங் புகையையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதலாம் தொகுதியில் சேர்த்துவிட்டது. புகையிலை இருக்கிற அதே தொகுதி. அந்தத் தொகுதி ஆபத்தின் அளவைச் சொல்வதில்லை, ஆதாரம் உறுதி என்பதைச் சொல்கிறது. கறுப்பு பைப்பில் நாகக் காய்ச்சல் இல்லை, ஆனால் புகை இருக்கிறது. ஆகவே திறந்த வெளி, காத்து பக்கவாட்டால் போகிற மாதிரி நிற்பது, தலையைப் புகைக்கு வெளியே வைத்திருப்பது, கொவிட் காலத்தில் எல்லாரும் தெரிந்துகொண்ட என்95 மாஸ்க். துவாயும் சத்திரசிகிச்சை மாஸ்க்கும் இந்தப் புகையைப் பிடிக்காது.

இந்த நாட்டில் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் எண்டு ஒன்று இருக்கிறது. வேலைசெய்கிறவனின் கண்ணையும் மூச்சையும் பற்றி அது அப்பவே பேசியிருக்கிறது. வீதியோரக் கடைக்குள் அது வந்து சேரும்வரை நாங்க காத்திருக்கத் தேவையில்லை. வேலை குடுக்கிறவர் கேட்டால் கடைக்காரர் செய்வார். கேட்டுக்கு டிசைன் தெரிவு செய்ய அரை மணித்தியாலம் போனைத் தடவுகிற நாங்க, "பொடியனுக்கு முகமூடி இரிக்கா காக்கா?" எண்டு கேட்க ஒரு நிமிசம் எடுக்கலாம். வீதியால போகிற ஸ்கூல் பிள்ளைகளின் கண்ணில் படாமல் ஒரு பழைய தகரத்தை மறைப்பாக வைக்கச் சொல்லலாம்.

வீட்டில் தானே ஒட்டப்போகிறவர்களுக்கு

இப்போ சின்ன இன்வேர்ட்டர் மெசின் தோளில் தூக்கிக்கொண்டு போகிற அளவில் வருகிறது. வீடியோ பார்த்துவிட்டு மேசை, பூச்சாடி ஸ்டாண்ட், ஊஞ்சல் செய்ய ஆசைப்படுகிறவர்கள் எங்களுக்குள்ளும் இருக்கிறார்கள். நல்ல ஆசைதான். பழகுவதற்கும் கறுப்பு பைப்தான் சரி. பூச்சு இல்லாததால் ஒட்டு துப்பாது, சுவர் தடிப்பானதால் உடனே ஓட்டை விழாது. 2.5 மில்லிமீற்றர் 6013 றொட்டுக்கு 60 தொடக்கம் 90 அம்பியர் போதும். வீட்டு ட்ரிப் சுவிட்ச் வேலை செய்யுதா எண்டு முதலில் அமத்திப் பாருங்க. ஈர மணலில் வெறுங்காலோடு நிற்காதீங்க. கிடுகு வேலிக்குப் பக்கத்தில் பொறி பறக்க விடாதீங்க. இரண்டு பக்கமும் அடைத்த பைப்பை ஒட்டுவதெண்டால் சூடான காற்று வெளியேற ஒரு சின்ன ஓட்டை முதலில் போடுங்க.

மூன்று வேலைக்கு மட்டும் கை வைக்காதீங்க. ஒன்று, தண்ணீர்த் தாங்கி ஸ்டாண்ட். ஆயிரம் லீற்றர் தாங்கி நிறைந்தால் ஒரு தொன் பாரம், அதுக்குக் கீழே பிள்ளைகள் விளையாடும். இரண்டு, பழைய பெற்றோல், எண்ணெய் பீப்பாய். வெறும் பீப்பாயெண்டாலும் உள்ளே ஆவி இருக்கும். மூன்று, கேஸ். பேர் கேஸ் பைப் எண்டதுக்காக உங்கட ஒட்டால் அதுக்குள்ள சமையல் கேஸ் விடாதீங்க. கண்ணுக்குத் தெரியாத ஊசித் துளை போதும், அந்த கேஸ் காற்றை விடப் பாரமானது, தரையில் தங்கி நிற்கும். 2021 கடைசியில் நாடு முழுக்க கேஸ் வெடிப்புச் செய்திகளோடு நித்திரை கொண்டவர்கள் நாங்கள். அந்த வேலை பயிற்சியும் சோதனைக் கருவியும் உள்ளவர்களுக்கானது.

தொழிலாகவே எடுக்க நினைப்பவர்கள் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழோடு எடுங்க. கல்ஃபுக்குப் போகிறபோது கையில் ஒரு கடதாசி இருக்கும் என்பது ஒரு காரணம். முகமூடி போடுவது வெட்கம் இல்லை எண்டு சொல்லித்தருகிற ஒரு இடத்தில் பழகலாம் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

அடுத்த முறை வீட்டில் வாப்பா கேட்டுக்கு ஓடர் குடுக்கப் போகும்போது கூடப் போங்க. "கறுப்பு பைப் போடுங்க, சுவர் தடிப்பானதாப் பார்த்துப் போடுங்க, பெயின்ட் காசு தனியாத் தாறம், தம்பிக்கு மாஸ்க்கும் நாங்க வாங்கித் தாறம்" எண்டு சொல்லிப் பாருங்க. கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார். பார்க்கட்டும்.